இடஞ்சுழி

நீடாமங்கலம் கேட் மூடிக் கிடந்த நேரத்தில்
கறுப்பு வண்டியொன்று வரிசையை விட்டு விலகி
என் பட்டறைக்குள் திரும்பியது.
ஓட்டி வந்தவர் இறங்கி
விரல் படாமல் புறங்கையால் கதவைச் சாத்தினார்.
சொந்தக்காரர் இப்படிச் சாத்த மாட்டார்.

"டாக்டர் ஐயா வண்டி. மாசியில தவறிட்டாங்க.
கோயமுத்தூர்லேர்ந்து மவன் போன் பண்ணுச்சு,
விக்கப்போவுதாம். பளிச்சுன்னு இருக்கணுமாம்."
பெயர் கேட்டேன். அமிர்தகடேசன்.

கழுவி, களிமண் கட்டியால் நீவி,
ஷட்டரைப் பாதி இறக்கி
விளக்கை பானெட்டின் மேல் சாய்த்தேன்.
வெளிச்சத்தைச் சுற்றி மயிரிழை வட்டங்கள்,
சிலந்தி ஊரைக் கூட்டிப் பின்னியது போல.

கதவோரக் கோடுகளை எனக்குத் தெரியும்.
வைக்கோல் லாரி உரசியது,
கேட்டில் நுழைந்து நெருக்கிய பைக்கின் கைப்பிடி,
கொரடாச்சேரி ரோட்டில் காயும் நெல்லின் சுணை.
வட்டங்கள் வேறு.
காய்ந்த துண்டு, கொஞ்சம் தூசி,
நாள் தவறாத காலை.
காவிரி வலஞ்சுழித்த ஊர் ஒன்று
கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.
இந்த வண்டியில் அத்தனையும் இடஞ்சுழி.
கூரையின் நடுவே மட்டும் ஒரு முழம்
ஷோரூமிலிருந்து இறங்கிய நாளில் இருந்தது.
கை எட்டாத இடம்.
திரும்பிப் பார்த்தேன்.
குள்ளமான மனிதர்.
டீ கிளாஸ் இடது கையில்.

கீறலை எடுப்பதாகச் சொல்லித்தான் காசு வாங்குகிறோம்.
கீறலை எப்படி எடுப்பது, அது ஒரு பள்ளம்.
பள்ளத்தின் அடிமட்டத்துக்கு
சுற்றியிருக்கும் மேடெல்லாம் இறங்கி வரும்வரை
தேய்க்கிறோம்.
வாடிக்கையாளரிடம் இதைச் சொல்வதில்லை.

நான்கு சொட்டு காம்பவுண்டு.
முதல் உழவு குறுக்கே, மறு உழவு நெடுக்கே.
மெஷின் முனக, பேட் சூடேற,
பால் போலப் பூசியது
மெல்ல மெல்லக் கண்ணாடியானது.
துடைத்த இடத்தில் என் மூக்கு,
அதற்குப் பின்னால் அவர் முகம்.

"இதெல்லாம் எதனால தம்பி விழுது?"
"தூசிதாண்ணே."
"நான் டெய்லி தொடைச்சிருவேன்.
பதினோரு வருசம். ஒருநாள் விட்டதில்ல."
"தெரியுதுண்ணே" என்றேன்.

டிக்கி பூட்டுக்குப் பக்கத்தில் ஒன்று
நகம் வைத்தால் மாட்டியது.
பூந்தோட்டம் பக்கம் பிரசவக் கேஸாம், மழையாம்,
கரண்ட் இல்லாத இருட்டில்
பையை எடுக்க ஐயாவே சாவியோடு தடவினாராம்.
"இது போவாதுண்ணே. இன்னும் தேய்ச்சா அடி பெயிண்ட் வந்துரும்."
"போவாட்டா இருக்கட்டும்,"
கேள்வியை முடிக்குமுன்பே பதில்.
குழந்தை என்ன என்று கேட்டேன்.
"பொட்டப்புள்ள. இப்ப ஆறாவது படிக்குது."

சாயங்காலம் வண்டியை வெளியே தள்ளினேன்.
மறுபடியும் கேட் மூடியிருந்தது, நெல் வேகன்.
அதன் சிவப்பு விளக்கு
பானெட்டின் கறுப்பில்
வட்டம் எதுவும் கட்டாமல்
ஒற்றைப் புள்ளியாக நின்றது.
எனக்கே கொஞ்சம் கர்வம்.

தகரக் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.
புதுத் துணி எடுக்க உள்ளே திரும்பினேன்.
அதற்குள் அவர் தோளிலிருந்து துண்டு இறங்கிவிட்டது.
இடது கை. ஒரு சுற்று.
"அண்ணே" என்று வாயெடுத்தேன்,
கேட் தூக்கி
அத்தனை ஹாரனும் ஒன்றாக அலறியது.
காதில் விழுந்திருக்காது.

ஓரடி தள்ளி நின்று பார்த்தார்.
"புதுசு மாரியே இருக்கு தம்பி."

ரசீதை மகனுக்கு போட்டோ எடுத்து அனுப்பவேண்டுமாம்.
முழு பாலிஷ், நாலாயிரம்.
டிக்கியில் ஒரு கீறல் நீங்கலாக,
என்று எழுதினேன்.
பேனாவை மூடினேன்.
பானெட்டில் ஒன்று இருப்பதை
எழுதவில்லை.